எட்டுத் தட்டுக் கணக்கு

நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் நடத்த ஆரம்பித்தது அவர்கள் அறிவு வளரட்டும் என்று அல்ல. என் வேலைக்குப் பங்கம் வராமல் இருக்கட்டும் என்றுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துக்கொண்டு கும்பிடு போட வேண்டாம்.

சிம்மக்கல் பக்கம் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள், மூன்று ஆசிரியைகள். அறுபத்தொரு பிள்ளைகள் இருந்தால்தான் மூன்று பேர். அறுபது என்றால் இரண்டு பேர் போதும், மூன்றாவது ஆள் உபரி. ஆகஸ்ட் முதல் தேதிக் கணக்கைப் பார்த்து, உபரி ஆனவரை மாவட்டத்தின் எந்தக் கோடிக்கு வேண்டுமானாலும் மாற்றிப் போடுவார்கள். மூவரில் இளையவள் நான். நாகமலை புதுக்கோட்டையில் ஏறினால் ஒரே டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுகிற சுகம் எனக்கு. அந்த ஜூன் மாதம் வருகைப் பதிவேட்டை மூன்று பேரும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தோம். மூன்று பேருக்கும் ஒரே விடைதான் வந்தது. அறுபத்தொன்று.

இரண்டு தெரு தள்ளி ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளி இருந்தது. வேனும் டையும் ஷூவுமாக அது எங்கள் பிள்ளைகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் கேட் பக்கத்தில் ஓர் அம்மா என்னை நிறுத்தினார்.

“டீச்சர், அங்கன அஞ்சாப்புலயே எக்ஸு ஒய்யி எல்லாம் போடுறாகளாம். இங்க எப்பப் போடுவீக?”

எங்கள் புத்தகத்தில் அது ஆறாம் வகுப்பில்தான் வருகிறது. அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என் வாய் எனக்கு முன்னால் போகிற வாய்.

“அடுத்த வாரம் ஆரம்பிக்கிறோம்மா” என்றேன்.

தலைமை ஆசிரியைக்கு விஷயம் போனது. பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள், நாங்களும் அப்படித்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, பச்சப் புள்ளைகளுக்கு எதுக்கு இம்புட்டு?”

“அறுபத்தொண்ணு டீச்சர்” என்றேன். சரி, நடத்து என்று அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

முதல் வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மாறி, மாறிலி, உறுப்பு, கெழு, கோவை என்று கரும்பலகையில் எழுதினேன். ஐந்து சொற்களில் பிள்ளைகளுக்குப் பிடித்தது கெழு மட்டும்தான். அதுவும் திட்டுவதற்கு. “போடா கெழு” என்று ஒருவன் ஆரம்பித்தான். சாயங்காலத்துக்குள் நாலாம் வகுப்பும் அதைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று என்னிடம் வந்து, “டீச்சர், இவன் என்னயக் கெழுன்னு சொல்லிட்டான்” என்று அழுதது. அப்படிச் சொல்லக் கூடாது என்று அவனைக் கண்டித்தேன். கணக்கில் ஒரு சொல்லை நடத்திவிட்டு, அதைச் சொன்னதற்கே தண்டனை கொடுத்தவள் மதுரையில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஆனி மாதம். நல்ல முகூர்த்த நாள். பாடம் ஓடாமல் நான் முழித்துக்கொண்டிருந்த நேரத்தில் தெருவில் கொட்டுச் சத்தம் கேட்டது. காதுகுத்து வீட்டுக்குத் தாய்மாமன் சீர் போகிறது. வகுப்பே எழுந்து ஜன்னலுக்கு ஓடியது. உட்காருங்கள் என்று கத்தினேன். ஒருவர் காதிலும் விழவில்லை. சரி என்று நானும் போய் எட்டிப் பார்த்தேன். பட்டுப்புடவையும் மல்லிகையுமாகப் பெண்கள் வரிசையாகத் தட்டு ஏந்திப் போனார்கள். சில தட்டுகளை, லட்டுக்கு ரோஸ், மாம்பழத்துக்குப் பச்சை என்று ஜிகினாத் துணி போட்டு மூடியிருந்தார்கள். சிலது திறந்தே இருந்தது, நடுவில் மஞ்சள் பூசிய தேங்காய் ஒன்று.

ஒரே ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. முன் பெஞ்சில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். ஏன் என்று தெரியும். அவள் அப்பா சீர்த்தட்டு அலங்காரக் கடை வைத்திருப்பவர். எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது அவளுக்கு வீட்டுவேலை.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. எல்லாரையும் உட்கார வைத்து, பலகையைத் துடைத்தேன்.

“மூடுன லட்டுத் தட்டு எத்தன போச்சு?”

“மூணு டீச்சர்.”

“ஒரு தட்டுல எம்புட்டு லட்டு?”

யாருக்கும் தெரியவில்லை. “தெரியாதுல்ல? அதான் x. வீட்டுக்கு வீடு மாறும், அதனால அது மாறி. அப்படித் தட்டு மூணு. 3x. முன்னால நிக்குற மூணுதான் கெழு. மூடுன மாம்பழத் தட்டு நாலு, அது 4y. தேங்காய் திறந்து இருக்கு, தட்டுக்கு ஒண்ணுன்னு கண்ணுக்குத் தெரியுது. ரெண்டு தட்டு, ரெண்டு தேங்காய். அது எந்த வீட்டுக்குப் போனாலும் மாறாது, அதனால மாறிலி.”

3x + 4y + 2 என்று பெரிதாக எழுதினேன். லட்டு ஓர் உறுப்பு, மாம்பழம் ஓர் உறுப்பு, தேங்காய் ஓர் உறுப்பு. வரிசையாகத் தெருவில் போகிற மொத்தச் சீரும் ஒரு கோவை.

கடைசி பெஞ்சில் ஒருவன் கை தூக்கினான். “துணியத் தூக்கிப் பாத்தா எம்புட்டு லட்டுன்னு தெரிஞ்சு போகும்ல டீச்சர்?”

“தூக்கிப் பாக்குறதுக்குப் பேரு சமன்பாடு. அதுக்குப் பெரிய கிளாஸுக்குப் போகணும்” என்றேன். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஜன்னலுக்கு வெளியே போனதையே பாடமாக்கிவிட்டேன் என்று வீட்டில் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அடுத்த வாரம் பரீட்சை வைத்தேன். ஐந்து கேள்வி. பென்சில் பெட்டி, பூக்கூடை, பேனா டப்பா என்று கலந்துகட்டி. உதாரணமாக, ஒரு கூடையில் x மாம்பழம், அப்படி மூன்று கூடை. ஒரு பையில் y கொய்யா, அப்படி ஐந்து பை. கோவையை எழுதி உறுப்புகளைக் குறிக்கவும். விடை 3x + 5y. முக்கால்வாசிப் பேர் எழுதிவிட்டார்கள்.

தட்டுக்கடைக்காரர் மகள் 3x + 5y + 1 என்று எழுதியிருந்தாள்.

இன்னொரு கேள்விக்கு விடை 4x + 2. அவள் 4x + 3 என்று எழுதியிருந்தாள். மற்ற மூன்றும் துல்லியமாகச் சரி. தப்பான இரண்டிலும்கூடக் கெழுவுக்குக் கீழே கோடு, மாறிக்கு வட்டம், கூடுதலாக வந்த அந்த ஒன்றுக்குக் கீழே ‘மாறிலி’ என்று மணி மணியான எழுத்து. எனக்குச் சுர்ரென்று ஏறியது. இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அதற்குப் பெயர் சூட்டியும் விட்டாளே. சிவப்பு மையால் இரண்டு பெருக்கல் குறி போட்டேன்.

பிறகு யோசித்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் ஐந்தும் சரியாகப் போட்டவன். மூன்றை அவனைப் பார்த்து எழுதியிருக்கிறாள், இரண்டைத் தானாகப் போட்டிருக்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

“காப்பி அடிச்சியா?”

“இல்ல டீச்சர்.”

“பையை எடுத்துட்டு அங்க போய் உக்காரு.”

பீரோ ஓரம் தனியாக ஒரு நாற்காலி. அவள் அழவில்லை. பென்சில் டப்பாவை மூடி, பையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். வகுப்பில் மற்ற பதின்மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

இரண்டாவது பரீட்சை. பீரோவைப் பார்த்து யாரும் காப்பி அடிக்க முடியாது. மறுபடியும் மூன்று சரி, இரண்டு தப்பு. தப்பான இரண்டிலும் மறுபடியும் ஒன்று கூடுதல்.

“ஏன் ஒண்ணு கூட்டுற?” என்று கேட்டேன்.

“கூட்டணும் டீச்சர்.”

“எதுக்கு?”

“போடலைன்னா நல்லா இருக்காது டீச்சர்.”

எனக்கு இது திமிராகப் பட்டது. கணக்கில் என்ன நல்லா இருக்கிறது, நல்லா இல்லாதது? கோலமா போடுகிறோம்? அவள் டைரியை வாங்கி எழுதினேன்: ‘கவனம் இல்லை. விடையில் தேவையில்லாமல் 1 சேர்க்கிறாள். பெற்றோர் நேரில் வரவும்.’ கையெழுத்துப் போட்டு, கீழே கோடும் இழுத்தேன். கோபத்தில் இழுத்த கோடு தாளைக் கிழித்துவிட்டது.

மதியம் சாப்பிடும்போது பெரிய டீச்சரிடம் சொன்னேன். அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டார்.

“யாரு, அந்தத் தட்டுக்கடைக்காரர் மகளா? அவரு ரெண்டு தெரு தள்ளி ஃபாரம் வாங்கி வச்சிருக்காரு. எப்படா சாக்குக் கிடைக்கும்னு இருக்குற மனுசனை வெத்தலைபாக்கு வச்சுக் கூப்பிட்டிருக்கியே.”

நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுச் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். ஆகஸ்டுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

அன்று சாயங்காலம் அவள் பரீட்சைத் தாள்களை எடுத்துக்கொண்டு ஓய்வறையில் உட்கார்ந்து நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெருக்கல் குறியை டிக்காக மாற்றப் பார்த்தேன். ஒரு கோட்டைத் தடிமனாக்கினால் மற்றது மறையும் என்று நினைத்தேன். முதலாவது, காக்கா சிறகு விரித்தது போல ஆனது. மற்ற மூன்றையும் தொடவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக அவளைப் பீரோ ஓரத்திலிருந்து எழுப்பி முன் பெஞ்சிலேயே உட்கார வைத்தேன். “அங்க வெளிச்சம் பத்தாதுல்ல கண்ணு?” என்று தலையை வேறு தடவினேன். அவள் மேலே பார்த்தாள். பீரோவுக்கு நேர் மேலேதான் டியூப்லைட்.

அப்பா பதினோரு மணிக்கு வந்தார். ஆடி பிறந்து கடையில் வேலை குறைந்திருந்ததால் நிதானமாக வந்தார். முழங்கை வரை ஜிகினா ஒட்டியிருந்தது. சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் ஒன்று எட்டிப் பார்த்தது. அது டி.சி. கேட்டு எழுதிய கடிதம் என்று பெரிய டீச்சர் கண்ணாலேயே எனக்குக் காட்டினார். மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

“டைரியப் பாத்தேன் டீச்சர். ஒண்ணும் வெளங்கல. வீட்டுல கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. படிப்பு வரலைன்னா சொல்லிருங்க, வேற எடம் பாத்துக்கிருவேன்.”

வேற இடம் என்ற சொல்லைக் கேட்டதுமே நான் அவசர அவசரமாகச் சிரித்தேன். “சேச்சே, நல்லாப் படிக்கிற புள்ளண்ணே. சின்னத் தப்புதான். இந்தா பாருங்க, மூணு கூடை மாம்பழம், அஞ்சு பை கொய்யா. 3x + 5y. அம்புட்டுதான். உங்க மக பின்னால ஒண்ணு சேத்திருக்கா.”

அவர் தாளை வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். காக்காயைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அது என்னவென்று கேட்கவில்லை. பிறகு விரல் வைத்து எண்ணினார்.

“மூணு. அஞ்சு. எட்டு.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “எட்டுத் தட்ட எவன் டீச்சர் தூக்கிட்டுப் போவான்?”

எனக்குப் புரியவில்லை. அவர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார், நான் நாலாம் வகுப்புக்குச் சொல்வது போல.

“சீருன்னா ஒத்தப்படைலதான் போகணும். ஏழு, ஒம்போது, பதினொண்ணு. பார்ட்டி எட்டுன்னு ஆர்டர் குடுத்துட்டுப் போயிருவாக. நாங்க கடைலருந்து ஒரு தேங்காத் தட்ட வச்சு ஒம்போதாக்கி அனுப்புவோம். தட்டு எல்லாம் கட்டி முடிச்சதும் எண்ணுறது இவ வேலை. ‘அப்பா, ஒண்ணு போடணும்’னு இவதான் சொல்லுவா. ஒருநாளும் தப்பினதில்ல.”

நான் தாள்களைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். 4x + 2, கூட்டினால் ஆறு. அதனால் 4x + 3. சரியாக இருந்தவற்றைப் பார்த்தேன். 2x + 3, ஐந்து. 6y + 1, ஏழு. 2x + y + 4, அதுவும் ஏழு. ஒற்றைப்படையாக இருந்தால் தொடவே இல்லை. இரட்டைப்படையாக இருந்தால் ஒரு தேங்காய். இரண்டு பரீட்சை, பத்துக் கணக்கு, ஓரிடத்தில்கூட அவள் தவறவில்லை. என் வகுப்பில் மற்ற பதின்மூன்று பேரும் எழுத்தையும் எண்ணையும் பார்த்து எழுதியிருந்தார்கள். இவள் ஒருத்திதான் கெழு என்றால் என்ன, மாறிலி என்றால் என்ன என்று தெரிந்து எழுதியிருந்தாள். யார் சொன்னது என்று கேட்டால், நான்தான் சொன்னேன். கோவை என்பது சீர் என்று பலகையில் எழுதியதும் நான், அன்று எழுதிய 3x + 4y + 2 ஒன்பது தட்டு என்று எண்ணாததும் நான்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். நாற்காலி விஷயம் அவருக்குத் தெரியாது. இவள் வீட்டில் சொல்லவில்லை. பெரிய டீச்சர் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார், முடித்துக்கொள் என்று. கடிதம் இன்னும் அந்தச் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்தப் பெண் என் மேசை ஓரத்தில் பென்சில் தூளை விரலால் கூட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

“அண்ணே, நான் இவ காப்பி அடிச்சான்னு நெனச்சு ஒரு வாரமாத் தனியா உக்கார வச்சிருந்தேன். தப்பு என் மேலதான்.”

பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா மகளிடம் திரும்பினார்.

“காப்பி அடிச்சியா?”

“இல்லப்பா.”

“அப்ப டீச்சர்ட்டச் சொல்ல வேண்டியதுதான?”

“டீச்சர் கோவமா இருந்தாக.”

நான் குனிந்து அவள் முகத்துக்கு நேராக வந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்பது போலத் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகும் எனக்கு ஆசிரியப் புத்தி போகவில்லை, கணக்கை அப்படியே விட முடியுமா?

“சீருக்குத்தான் ஒண்ணு சேக்கணும் கண்ணு. கூடை, பை, பென்சில் பெட்டிக்கு எல்லாம் வேணாம்.”

“விசேசம் இல்லேன்னா வேணாமா டீச்சர்?”

“வேணாம்.”

“அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்” என்றாள்.

அப்பா சட்டைப் பையில் கை வைத்தார். நான் மனசுக்குள் எந்த ஊர் பஸ்ஸில் ஏற வேண்டியிருக்குமோ என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். கடிதத்தை எடுத்துப் பிரித்து, மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பெரிய டீச்சரைக் கேட்டார்.

“பள்ளிக்கூடத்துல மொத்தம் எம்புட்டுப் புள்ளைக டீச்சர்?”

“அறுபத்தொண்ணு” என்றார் பெரிய டீச்சர்.

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். “நான் போனா அறுபதாயிரும்ப்பா.”

அவர் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு கடிதத்தைப் பழையபடி நாலாக மடித்தார்.

“அறுபது வேணாம்” என்றார். “நான் வாரேன் டீச்சர். இனிமே டைரியில எழுதுனா என்ன ஏதுன்னு வெவரமா எழுதுங்க.” போகும்போது மேசையில் கொஞ்சம் ஜிகினாவைக் கொட்டிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் முதல் தேதி வந்தது, போனது. நான் அதே டவுன் பஸ்ஸில் வந்தேன், போனேன்.

அந்த மாதக் கடைசியில் மூன்றாவது பரீட்சை வைத்தேன். இந்த முறை ஆறு கேள்வி. ஆறையும் அவள் சரியாகப் போட்டிருந்தாள், எங்கும் ஒரு தேங்காய்கூட இல்லை. ஆனால் தாளின் கீழே, நான் கொடுக்காத ஏழாவது கேள்வி ஒன்றை அவளே எழுதி, அவளே விடையும் போட்டிருந்தாள்.

‘7. நம் பள்ளிக்கூடத்தில் உள்ளவர்களின் கோவை எழுதுக. விடை: x + 1. மற்ற பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். அதனால் x. நான் போகமாட்டேன். அதனால் 1.’

ஒன்றுக்குக் கீழே கோடு. பக்கத்தில் ‘மாறிலி’ என்று அதே மணி மணியான எழுத்து.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஒரு மாதத்துக்கு முன்னால் அந்த ஒன்றைத்தான் நாலு முறை தப்பு என்று அடித்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டேன். மாலையில் தாள்களைப் புரட்டிப் பார்த்த பெரிய டீச்சர் ஒன்றை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ஏம்மா, ஆறுக்கு ஏழா?”

“ஆறு இரட்டைப்படை டீச்சர்” என்றேன்.